ஏற்காட்டில் ஏறாத ட்ரோன்: மோட்டாரை மாற்றுவதா, ப்ராப்பை மாற்றுவதா?

சேலத்தை அடுத்த அயோத்தியாப்பட்டணத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பாலிடெக்னிக் கடைசி வருஷம் படிக்கிறார். எஃப்450 ஃப்ரேம், ஏ2212 மோட்டார் நாலு (1000 கேவி, அதாவது வோல்ட்டுக்கு நிமிஷம் 1000 சுற்று), 1045 ப்ராப் (10 இஞ்ச் இறக்கை), 3 செல் 5200 எம்ஏஎச் லிப்போ பேட்டரி, 30 ஆம்ப் ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டு). கேமராவோடு சேர்த்து மொத்த எடை 1600 கிராம். வீட்டுப் பக்கத்து வயலில் ஒழுங்காகப் பறக்கிறதாம். ஏற்காட்டில் மாமாவின் காப்பித் தோட்டத்துக்குக் கொண்டுபோனால் ஏறவே முக்குகிறது, காற்றடித்தால் நிற்க மாட்டேன் என்கிறது, எட்டு நிமிஷத்தில் பேட்டரி உட்கார்ந்துவிடுகிறது. கடையில் கேட்டால் "1400 கேவி போடு தம்பி, பவர் பிச்சுக்கும்" என்கிறார்கள். கூடப் படிக்கும் பையன் "4 செல் மாட்டிடு" என்கிறான். இரண்டில் எது?

இரண்டுமே வேண்டாம் தம்பி. இருக்கிற மோட்டாரில், இருக்கிற ப்ராப்பை வைத்துக்கொண்டு இதில் எதைச் செய்தாலும் காயில் கருகும். ஏன் என்று சொல்கிறேன்.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மோட்டார் காயில் கட்டுகிறவன். கிணத்து மோட்டார், சப்மெர்சிபிள், சேகோ ஆலை மோட்டார் என்று தினமும் நாலு எரிந்த மோட்டாராவது என் மேஜைக்கு வரும். ட்ரோன் ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். ஆனால் பத்து எச்பி மோட்டாரானாலும் ஐம்பது கிராம் மோட்டாரானாலும் உள்ளே இருப்பது செம்பும் இரும்பும்தான். அதனால் இந்தக் கேவி சமாசாரத்தை என் தொழில் வழியாகவே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மோட்டாரின் ஸ்டிக்கரைப் பாருங்கள். ஏ2212 என்பதற்குப் பக்கத்தில் 13டி என்று இருக்கும். மோட்டாருக்குள் கம்பி சுற்றியிருக்கும் ஒவ்வொரு இரும்புப் பல்லிலும் 13 சுற்று என்று அர்த்தம். கடைக்காரர் சொல்லும் 1400 கேவி மோட்டாரை எடுத்துப் பார்த்தால் அதில் 10டி இருக்கும். இதே ஏ2212-இல் 2200 கேவி ஒன்று வருகிறது, அது 6டி. பெருக்கிப் பாருங்கள்: 13 தடவை 1000 பதின்மூவாயிரம், 10 தடவை 1400 பதினாலாயிரம், 6 தடவை 2200 பதின்மூவாயிரத்துச் சொச்சம். கிட்டத்தட்ட ஒரே எண். அதே இரும்பு, அதே காந்தம், பற்களுக்கு நடுவே அதே குழி. சுற்றைக் குறைத்துக் கம்பியைத் தடிமனாக்கினால் கேவி ஏறும். சுற்றைக் கூட்டி மெல்லிசுக் கம்பி போட்டால் கேவி இறங்கும். குழிக்குள் போகிற செம்பின் மொத்த எடை மாறுவதில்லை. செம்பு மாறாதபோது மோட்டார் தாங்கும் பளுவும் மாறாது. 1400 கேவி என்பது 1000 கேவியைவிடப் பெரிய மோட்டார் இல்லை. அதே மோட்டாரை வேறு கணக்கில் கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கேவி என்றால் ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்பது. அதுவும் ப்ராப் மாட்டாமல், வெறுமனே ஓடும்போது. உங்கள் 3 செல் பேட்டரி 11.1 வோல்ட், 1000 கேவிக்கு 11,100 சுற்று. 1045 ப்ராப்பை மாட்டி முழு த்ராட்டில் கொடுத்தால் அது ஏழாயிரத்து ஐந்நூறு பக்கம் இறங்கி நிற்கும். அங்கே மோட்டார் 12 ஆம்ப் அளவுக்கு இழுக்கிறது. அந்த மோட்டாருக்கு அதுதான் எல்லை.

இப்போது அதே ப்ராப்போடு 1400 கேவி மாட்டினால்? ப்ராப்பைச் சுற்றத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். வேகம் 1.4 மடங்கு என்றால் சக்தி 2.7 மடங்கு. வோல்ட் அதேதான், ஆகவே ஆம்பும் 2.7 மடங்கு: கணக்கில் 33 ஆம்ப். நிஜத்தில் மோட்டார் திணறி வேகம் கொஞ்சம் விழும், அதனால் அவ்வளவு வராது. ஆனாலும் 12 ஆம்ப் தாங்கும் கம்பியில் அதில் பாதி கூடுதலாக ஓடினாலே வார்னிஷ் கருகிவிடும். 4 செல் யோசனையும் இதே குழியில்தான் விழுகிறது. வோல்ட் மூன்றில் ஒரு பங்கு கூடினால் ஆம்ப் 1.8 மடங்கு ஆகும், 21 ஆம்ப். உங்கள் ஈஎஸ்சி தாங்கும், மோட்டார் தாங்காது. ஈஎஸ்சியில் 30 என்று எழுதியிருப்பதைப் பார்த்து மோட்டாருக்கும் 30 என்று நினைத்துவிடுகிறார்கள். 30 ஆம்ப் ஃப்யூஸ் போட்டதால் அரை எச்பி மோட்டார் அஞ்சு எச்பி ஆகிவிடுமா?

சரி, அப்படியென்றால் ஏற்காட்டில் என்னதான் குறை? எல்லாரும் "மலையில காத்து மெலிசு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. கடல் மட்டத்தில் 15 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 1.225 கிலோ. சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் இருக்கிறது. ஏப்ரல் மதியம் 38 டிகிரியில் இங்கே காற்று 1.10 கிலோதான். ஏற்காடு 1500 மீட்டர். 20 டிகிரியில் அங்கே 1.01. அதாவது நம் ஊர் வெயில் ஏற்கெனவே உங்கள் ட்ரோனை ஆயிரம் மீட்டர் மலைமேல் ஏற்றி வைத்திருக்கிறது. மதியம் அயோத்தியாப்பட்டணத்தில் பறந்ததற்கும் ஏற்காட்டில் பறப்பதற்கும் வித்தியாசம் எட்டு சதவீதம்தான். மார்கழிக் காலையில் பறக்கவிட்டிருந்தால் வித்தியாசம் பதிமூன்று வரை தெரியும்.

எட்டு சதவீதத்துக்கு ஒரு ட்ரோன் முக்கக் கூடாது. முக்குகிறது என்றால் கீழேயே அதற்கு மிச்சம் இல்லை என்று அர்த்தம்.

கணக்குப் போடுங்கள். ஒரு ஏ2212 800 கிராம், 850 கிராம் தூக்கும் என்று விற்கிறவர்கள் எழுதுவார்கள். என் மேஜையில் தூக்கிப் பார்த்த வரையில், நல்ல பேட்டரியில், மலிவு ப்ராப்பில் 700 சொல்லலாம். நாலுக்கு 2800. உங்கள் எடை 1600. விகிதம் 1.75. ஏற்காட்டில் எட்டு சதவீதம் போனால் 1.6. பேட்டரி பாதி தீர்ந்து, பளுவில் வோல்ட் பத்து சதவீதம் தொங்கினால் தூக்கும் பலம் இருபது சதவீதம் போகும், விகிதம் 1.3. அப்போது தோட்டத்துச் சரிவிலிருந்து காற்று மேலே ஏறி வருகிறது. ட்ரோன் எதிர்த்து நிற்க 30 டிகிரி சாய்கிறது. சாய்ந்தால் நேர் மேலே தூக்கும் பங்கு 13 சதவீதம் குறையும். இப்போது 1.13. இதில் ஏறவும் வேண்டும், நிற்கவும் வேண்டும், உதறலைச் சரிக்கட்டவும் வேண்டும் என்றால் எங்கே போவது பாவம்?

அதனால் நான் சொல்லும் அளவு இதுதான்: வீடியோ எடுக்கும் ட்ரோனுக்குக் குறைந்தது எடையைப் போல இரண்டு மடங்கு தூக்கும் பலம் வேண்டும். அதையும் ஏற்காட்டுக் காற்றில், பேட்டரி பாதியில் வைத்துக் கணக்குப் போட வேண்டும். கடை அட்டவணையில் இரண்டு மடங்கு இருந்தால் போதும் என்று நினைத்தால் நீங்கள் இப்போது நிற்கும் இடத்தில்தான் நிற்பீர்கள். ரேஸ் விடுகிற பசங்களுடைய 5 இஞ்ச் ப்ராப் ட்ரோனில் இந்த விகிதம் ஐந்தையும் தாண்டும். அது வேறு உலகம், அதைப் பார்த்து ஏங்க வேண்டாம்.

தேர்வு எடையிலிருந்து தொடங்கும். அடுத்து ப்ராப். மோட்டார் மூன்றாவது. கடையில் இது தலைகீழாக நடக்கிறது, ஏனென்றால் மோட்டாருக்குத்தான் விலை அதிகம்.

எடையை முதலில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அந்தரத்தில் நிற்பதற்கே ஆகும் சக்தி, எடை ஏறுவதைவிட வேகமாக ஏறும். 1600 கிராமை 1350 ஆக்கினால் எடை 16 சதவீதம் குறைகிறது. சக்தி 22 சதவீதம் குறைகிறது. எந்த மோட்டாரை மாற்றினாலும் இந்த விலைக்கு இவ்வளவு லாபம் கிடைக்காது. எங்கே 250 கிராம் எடுப்பது என்கிறீர்களா? உயரமான லேண்டிங் ஸ்டாண்ட், தேவைக்கு மேல் நீளமான மோட்டார் ஒயர், கேமரா ஆடாமல் பிடிக்க இரண்டு மோட்டார் வைத்த பழைய கிம்பல், இருபது ஜிப் டை, கீழே விழுந்தால் காக்கும் என்று மாட்டிய ப்ராப் கார்டு. ஒவ்வொன்றாகக் கழற்றித் தராசில் வைத்துப் பாருங்கள். நான் ஒருமுறை கழற்றிய எக்ஸ்டி60 பேட்டரி கனெக்டரும் தடி ஒயரும் மட்டும் 60 கிராம் இருந்தன.

இப்போது ப்ராப். 1045 என்றால் 10 இஞ்ச் விட்டம், 4.5 இஞ்ச் பிட்ச். பிட்ச் என்பது வெண்ணெயில் திருகாணி போனால் ஒரு சுற்றுக்கு எவ்வளவு முன்னேறுமோ அந்தத் தூரம். பிட்ச் கூடினால் வேகமாகப் பறக்கலாம், ஆனால் அந்தரத்தில் நிற்க வீண் செலவு. வீடியோவுக்கு விட்டம் பெரிசு, பிட்ச் சிறிசு. அதிகக் காற்றை மெதுவாகத் தள்ளுவது, கொஞ்சக் காற்றை வேகமாகத் தள்ளுவதைவிட எப்போதும் மலிவு. கூடத்தில் மெதுவாகச் சுற்றும் சீலிங் ஃபேனையும் இரைச்சலோடு சுற்றும் மேஜை ஃபேனையும் நினைத்துக்கொள்ளுங்கள். 10 இஞ்சிலிருந்து 8 இஞ்சுக்கு இறங்கினால் அதே எடையைத் தூக்க 25 சதவீதம் கூடுதல் சக்தி. 4 செல் போட்டு, மோட்டார் கருகாமலிருக்க 8 இஞ்ச் ப்ராப் மாட்டினால் ட்ரோன் சுறுசுறுப்பாகத்தான் இருக்கும்; தோட்டத்து மேல் நின்று படம் எடுக்கும் நேரம் குறையும்.

எவ்வளவு பெரிசு மாட்டலாம்? ஃப்ரேம்தான் சொல்லும். எஃப்450-இல் எதிரெதிர் மோட்டார்களுக்கு நடுவே 450 மில்லிமீட்டர். பக்கத்துப் பக்கத்து மோட்டாருக்கு 318. 10 இஞ்ச் என்பது 254 மில்லி. இரண்டு ப்ராப் நுனிக்கு நடுவே 64 மில்லி இடைவெளி. 11 இஞ்சுக்கு 39 மில்லி. 12 போட்டால் 13 மில்லிதான் மிஞ்சும், பிளாஸ்டிக் கை அதிர்ந்தால் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். ஆக 10 வசதி, 11 எல்லை. ஆனால் 11 இஞ்சை இப்போதைய மோட்டாரில் மாட்டாதீர்கள். ஒரே வேகத்தில் தூக்கும் பலம் விட்டத்தின் நான்மடிப் பெருக்கத்திலும், கேட்கும் சக்தி ஐம்மடிப் பெருக்கத்திலும் ஏறும். ஒரு இஞ்சுக்கு அறுபது சதவீதம் கூடுதல் பளு. உங்கள் மோட்டார் ஏற்கெனவே எல்லையில் நிற்கிறது.

விட்டத்தைக் கூட்ட முடியாவிட்டாலும் ப்ராப்பின் தரத்தைக் கூட்டலாம். மூட்டையில் வரும் மலிவு 1045-ஐ நுனியில் விரலால் அழுத்திப் பாருங்கள், முருங்கைக் குச்சி மாதிரி வளையும். முழு வேகத்தில் அது மேல்பக்கம் வளைந்து, முறுக்கிக்கொண்டு, தன் பிட்ச்சையே தொலைத்துவிடும். "ங்ங்ங்" என்று ஒரு கரகர சத்தம் வருமே, அது அதுதான். கண்ணாடி இழை கலந்த நைலான் ப்ராப் வாங்குங்கள். ஏபிசி (APC) கம்பெனியின் மல்டிரோட்டர் வகை 10க்கு 4.5 இதே மோட்டாருக்குப் பொருந்தும். கார்பன் இன்னும் விறைப்பு, விலையும் கூட. விரலில் பட்டால் பிளேடுதான். மூன்று இறக்கை வேண்டாம். அது விட்டத்தைக் கூட்ட இடமில்லாத சின்ன ட்ரோனுக்கு.

எந்த ப்ராப் வாங்கினாலும் சமன் பார்க்காமல் மாட்டாதீர்கள். எங்கள் தெருவில் கொலுசுப் பட்டறைகள் நிறைய. மில்லிகிராம் காட்டும் தராசு பக்கத்துக் கடையில் இருந்ததால், ஒருமுறை எட்டு ப்ராப்பை எடுத்துக்கொண்டு போய் நிறுத்தேன். ஒரே பாக்கெட்டில் வந்தவைதான், ஒன்றுக்கொன்று அரைக் கிராம் வித்தியாசம். பட்டறை அண்ணன் சிரித்தார்: "இந்த வித்தியாசத்துல நாங்க வெள்ளி குடுத்தா கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்." ஆனால் மொத்த எடை வித்தியாசத்தைவிட, ஒரே ப்ராப்பில் ஒரு இறக்கைக்கும் மறு இறக்கைக்கும் உள்ள வித்தியாசம்தான் வம்பு. நடுத் துளையில் வழவழப்பான கம்பியைச் செருகி இரண்டு கண்ணாடி டம்ளர் விளிம்பில் படுக்க வையுங்கள். எப்போதும் கீழே சாயும் இறக்கை கனமானது. மற்ற இறக்கையின் பின்புறம் துண்டு செல்லோ டேப் ஒட்டிக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் எந்த நிலையில் விட்டாலும் அப்படியே நிற்கும். வீடியோவில் ஜெல்லி மாதிரி ஆடும் கோளாறில் பாதி இங்கேயே போய்விடும்.

மோட்டாருக்கு வருவோம். எடையைக் குறைத்து, நல்ல ப்ராப் போட்டும் போதவில்லை, காசும் சேர்ந்துவிட்டது என்றால் மாற்றுங்கள். மோட்டாரின் நாலு இலக்க எண்ணில் முதல் இரண்டு ஸ்டேட்டரின் (கம்பி சுற்றிய உள் இரும்பு) விட்டம், அடுத்த இரண்டு அதன் உயரம், மில்லிமீட்டரில். பலம் வேண்டுமென்றால் இந்த எண்தான் ஏற வேண்டும், கேவி இல்லை. 2212-க்கு அடுத்து 2216 பாருங்கள்: அதே விட்டம், நாலு மில்லி கூடுதல் உயரம், மூன்றில் ஒரு பங்கு இரும்பும் செம்பும் கூடுதல். ஒவ்வொன்றும் இருபது கிராம் அளவுக்குக் கனம் கூடும், நாலுக்கு எண்பது. அந்த எண்பது பயனுள்ள எண்பது.

கேவி எவ்வளவு? எனக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. கேவியையும் பேட்டரி வோல்ட்டையும் பெருக்குங்கள். 10 இஞ்ச் ப்ராப்புக்கு 11 ஆயிரத்திலிருந்து 12 ஆயிரம் வர வேண்டும். 3 செல்லில் 1000 கேவி வருவது அதனால்தான். 4 செல்லுக்குப் போனால் 14.8-ஆல் வகுங்கள்: 750-லிருந்து 800 கேவி. பசங்களின் 5 இஞ்ச் ட்ரோனில் 4 செல்லுக்கு 2400, 6 செல்லுக்கு 1750 போடுகிறார்கள். பெருக்கினால் 35 ஆயிரத்துக்கு மேல். 7 இஞ்சுக்கு 6 செல்லில் 1300, அது 29 ஆயிரம் பக்கம். ப்ராப் பெரிசாகப் பெரிசாக இந்த எண் இறங்கும். ஏற்காடு பஸ் இருபது கொண்டை ஊசியையும் எந்த கியரில் ஏறுகிறது? பெரிய ப்ராப்புக்குக் குறைந்த கேவி அந்த மாதிரிதான்.

ஆக உங்களுக்கு: 2216 அளவு, 800 கேவி பக்கம், 4 செல், 10 இஞ்ச் ப்ராப். உங்கள் 30 ஆம்ப் ஈஎஸ்சி 4 செல் வரை தாங்கும் வகையா என்று அதன் மேலே பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். இப்போது உங்கள் நண்பர் சொன்ன 4 செல் சரியாகிவிட்டது பாருங்கள், மோட்டார் மாறியதால். பேட்டரி வாங்கும்போது மட்டும் 5200-இலேயே 4 செல் வாங்காதீர்கள், ஒரு செல்லின் எடை கூடும். 3 செல் 5200-இல் இருக்கும் அதே சக்தி 4 செல் 4000-இல் இருக்கிறது, இரண்டும் 58 வாட்-மணி பக்கம்.

வாங்கும் முன் அந்த மோட்டாருக்குத் தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் அட்டவணையைக் கேளுங்கள். அட்டவணையே இல்லாத மோட்டாரை நான் வாங்குவதில்லை. அதில் எல்லாரும் கடைசி வரியைப் பார்ப்பார்கள், 100 சதவீதம் த்ராட்டிலில் எத்தனை கிராம் என்று. நீங்கள் முழு த்ராட்டிலில் பறக்கப் போவது நிமிஷத்தில் இரண்டு நொடி. உங்கள் எடையை நாலால் வகுங்கள், 1400-க்கு 350 கிராம். 350 கிராம் வரும் வரியைத் தேடுங்கள். அங்கே த்ராட்டில் 50 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா? ஒரு வாட்டுக்கு எத்தனை கிராம் தூக்குகிறது? 10 இஞ்ச் ப்ராப்பில் எட்டு, ஒன்பது என்றால் நல்ல மோட்டார். ஆறு என்றால் காசைக் காந்தத்தில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

அட்டவணையை நம்பாதவர்கள் வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு மரச்சட்டத்தை எல் வடிவில் ஆணியடித்து, மூலையில் ஒரு கீல். நிற்கும் சட்டத்தின் தலையில் மோட்டார். படுத்த சட்டத்தின் நுனி சமையலறைத் தராசில். இரண்டு சட்டமும் கீலிலிருந்து ஒரே நீளம். மோட்டார் பக்கவாட்டில் இழுக்க, நுனி தராசை அழுத்தும், கிராம் நேராகத் தெரியும். மோட்டாரைத் தராசின் மேலேயே நிற்க வைத்தால் ப்ராப் காற்று தராசில் அடித்துப் பொய் சொல்லும். ஆம்ப் பார்க்க எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் கிளாம்ப் மீட்டரைக் கடன் வாங்கும் முன், அது டிசி காட்டுமா என்று பாருங்கள். பெரும்பாலானவை ஏசி மட்டும். பத்தொன்பது வருஷமாகக் கடையில் இருந்த என் கிளாம்ப் மீட்டர் ட்ரோன் ஒயரில் ஜீரோ காட்ட, மோட்டார் பழுது என்று நினைத்து அரைநாள் தேடியவன் நான்.

இன்னொரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் செய்யாமலிருக்க. என் முதல் ட்ரோனில் மோட்டாரை ஃப்ரேமில் இறுக்க கடையில் கிடைத்த எம்3 திருகாணியை மாட்டினேன். பத்து மில்லி நீளம். இறுக்கமாகப் பிடித்தது, சந்தோஷம். பேட்டரி மாட்டி அரை நிமிஷத்தில் ஒரு மோட்டார் விட்டு விட்டுத் துடித்தது, அப்புறம் அந்த வாசம். வார்னிஷ் கருகும் வாசம் எனக்கு வீட்டு சாம்பார் வாசம் மாதிரி, தூக்கத்தில் வந்தாலும் தெரியும். கழற்றினால் திருகாணியின் நுனி கம்பிக் கட்டைக் குத்திக்கொண்டு நிற்கிறது. மோட்டாரின் அடிப்பக்கத்துக்குள் திருகாணி மூன்று மில்லிக்கு மேல் போகக் கூடாது. மாட்டிய பிறகு பக்கவாட்டு ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்து, திருகாணி நுனிக்கும் செம்புக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால்தான் பேட்டரி.

மாட்டும்போது: மேலிருந்து பார்த்தால் முன் வலதும் பின் இடதும் கடிகார முள்ளுக்கு எதிராக, மற்ற இரண்டும் முள்ளோடு. 1045 என்று மட்டும் அச்சடித்தது எதிர்ச்சுற்றுக்கு, 1045 ஆர் முள்சுற்றுக்கு. எழுத்து மேலே பார்க்க வேண்டும். மோட்டார் தப்பாகச் சுற்றினால் மூன்று ஒயரில் எந்த இரண்டையும் மாற்றுங்கள், த்ரீ ஃபேஸ் மோட்டார்தானே. ஏ2212-இல் வரும் கூம்பு வகை ப்ராப் அடாப்டர் தளர்ந்துபோகும் குணமுள்ளது. ஒவ்வொரு நாளும் பறக்கும் முன் ஒரு திருப்பு. சுற்றும் திசையெல்லாம் சோதிக்கும்போது ப்ராப்பைக் கழற்றிவிடுங்கள்.

சேலத்துக்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. கஞ்சமலை பக்கம் மண்ணில் காந்தக் கல் தூள் கலந்திருக்கும்; அந்த மலையின் இரும்புத் தாது மேக்னடைட் வகை. அங்கே வெறும் தரையிலிருந்து எழுப்பினால் ப்ராப் காற்றில் கறுப்புத் தூள் கிளம்பி மோட்டார் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். ஊதினால் போகாது, துணியால் துடைத்தாலும் நகருமே தவிர வராது. பெல்லுக்கும் (காந்தம் ஒட்டியிருக்கும், வெளியே சுற்றுகிற மூடி) ஸ்டேட்டருக்கும் நடுவே இருப்பது முடியிழை இடைவெளி. தூள் அங்கே போய் அரைக்கும். பெல்லைக் கழற்றி, களிமண் மாதிரி ஒட்டும் புட்டியை மாவு பிசைவது மாதிரி அழுத்தி அழுத்தித் தூளை எடுக்க வேண்டும். ஒரு பழைய சாக்கை விரித்து அதன் மேலிருந்து எழுப்பினால் இந்த வேலையே இல்லை.

சட்டம்: 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ வகை. வியாபாரம் இல்லாமல் பறக்கவிட பைலட் சான்று தேவையில்லை. பச்சை மண்டலத்தில் (முன் அனுமதி கேட்க வேண்டாத இடம்) 400 அடி வரை. ஓமலூர் பக்கம் போனால் காமலாபுரம் விமான நிலையம் இருக்கிறது, அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தைப் பார்க்காமல் எழுப்பாதீர்கள். ஏற்காட்டில் கவனிக்க வேண்டியது, 400 அடி என்பது நீங்கள் நிற்கும் தரையிலிருந்து இல்லை, ட்ரோனுக்கு நேர் கீழே உள்ள தரையிலிருந்து. லேடீஸ் சீட் மாதிரி விளிம்பிலிருந்து முன்னால் ஓட்டினால் தரை கீழே போய்விடும்; உயரம் கூட்டாமலே எல்லை தாண்டிவிடுவீர்கள். திரும்ப அழைத்து வரும்போது எதிர்க்காற்று என்றால் மேலே போட்ட 1.13 கணக்கு ஞாபகம் வரும்.

அடுத்த முறை மலைக்குப் போகும்போது இப்படிச் செய்யுங்கள். கீழே வீட்டில் காலையில், முழுப் பேட்டரியில், தலை உயரத்தில் நிறுத்தி த்ராட்டில் எத்தனை சதவீதத்தில் நிற்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். 50-க்குக் கீழே வரும்வரை எடையில் கை வையுங்கள். 60-க்கு மேல் என்றால் மலையேற வேண்டாம். தோட்டத்துக்குப் போய், மூடுபனி விலகிய பிறகு, அதே சோதனை. இரண்டு நிமிஷம் நிறுத்தி இறக்கி, பேட்டரியைக் கழற்றிவிட்டு, நாலு பெல்லையும் விரலால் தொடுங்கள். வெதுவெதுப்பு என்றால் சரி. விரலை ஐந்து நொடி வைத்திருக்க முடியவில்லை என்றால் அந்த ப்ராப் அந்த மோட்டாருக்குப் பெரிசு, 9 இஞ்சுக்கு இறங்குங்கள். மூன்று வெதுவெதுப்பாகவும் ஒன்று மட்டும் சூடாகவும் இருந்தால் அது ப்ராப் கோளாறு இல்லை. பேரிங்கா, திருகாணியா என்று பார்க்க அந்த ஒன்றைக் கழற்றிக்கொண்டு செவ்வாய்ப்பேட்டைக்கு வாருங்கள்.